கல்லூரி நிலவியல் வகுப்புக்குத் திறந்த கல்வி வளங்களைத் தேடிப் பயன்படுத்துவது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரியில் நிலவியலோ புவி இயற்பியலோ நடத்தும் ஆசிரியருக்கு இணையத்தில் இலவசமாகப் பாடப்பொருள் கிடைப்பதில் இன்று பெரிய தடை ஏதும் இல்லை. கிடைத்ததைத் தம் வகுப்புக்கு ஏற்றபடி வெட்டிச் சுருக்கவும், தமிழில் மொழிபெயர்க்கவும், அச்சிட்டு மாணவரிடம் கொடுக்கவும், துறையின் இணையதளத்தில் ஏற்றவும் நமக்கு உரிமை உண்டா என்ற இடத்தில்தான் தடுமாற்றம் வருகிறது. அந்த உரிமைகளை, ஆக்கியவரே முன்கூட்டி எழுத்தில் வழங்கியிருக்கும் பாடப்பொருளையே திறந்த கல்வி வளம் என்கிறோம். 2002இல் யுனெஸ்கோ கூட்டிய ஒரு மன்றத்தில் இப்பெயர் வழக்குக்கு வந்தது. 2019 நவம்பரில் யுனெஸ்கோவின் பொது மாநாடு இதற்கென ஒரு பரிந்துரையை ஏற்றுக்கொண்டது.

மற்றத் துறைகளைவிடப் புவி அறிவியலுக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு உண்டு. நிலநடுக்கம், எரிமலை, கடல்மட்டம், செயற்கைக்கோள் படம் ஆகியவற்றைப் பதிவு செய்யும் வேலையைப் பெரும்பாலும் அரசு அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் பொதுப்பணத்தில் செய்கின்றன. ஆகவே, ஆய்வாளர் பயன்படுத்தும் அதே தரவு முதலாண்டு மாணவருக்கும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. இதனால், பாடநூலைத் தேடுவதில் செலவிடும் நேரத்தைவிடத் தரவையும் பயிற்சிகளையும் தேடுவதில் கூடுதல் நேரம் செலவிடுவதே பயன் தரும் என்பது என் கருத்து. இந்த வழிகாட்டியின் போக்கும் அதையொட்டியே அமைந்துள்ளது.

விளக்கத்துக்காக, இளநிலை முதலாண்டில் வரும் "நிலநடுக்கங்களும் புவித்தட்டுகளும்" என்ற ஓர் அலகை எடுத்துக்கொள்வோம். அதற்குரிய நிகழ்வாக, 2004 டிசம்பர் 26 அன்று சுமத்திராவுக்கு அருகே ஏற்பட்ட 9.1 அளவுள்ள நிலநடுக்கத்தையும் அதைத் தொடர்ந்து வந்த சுனாமியையும் வைத்துக்கொள்வோம்.

முதல் படி: தேவையை எழுதிக்கொள்ளுங்கள்

தேடுபொறியைத் திறப்பதற்கு முன், அந்த அலகை முடிக்கும்போது மாணவர் என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று இரண்டு மூன்று வாக்கியங்களில் எழுதுங்கள். "நிலநடுக்கத்தைப் பற்றி அறிதல்" என்று எழுதினால் தேடலுக்கு உதவாது. "நிலநடுக்கங்களின் ஆழத்தை வரைபடமாக்கி, எந்தத் தட்டு எந்தத் திசையில் அமிழ்கிறது என்று கூறுதல்" என்று எழுதினால், உங்களுக்கு வேண்டியது ஒரு தரவுப் பட்டியலும் ஒரு பயிற்சித் தாளும் என்பது உடனே தெரிந்துவிடும். பிறகு, கையில் ஏற்கெனவே இருப்பவற்றைக் கழித்துவிடுங்கள். பெரும்பாலான துறைகளில் விரிவுரைக் குறிப்புக்குப் பஞ்சம் இருக்காது. பயிற்சி, நல்ல படம், மதிப்பீட்டு வினாக்கள் ஆகியவையே குறையாக இருக்கும். அவற்றை மட்டும் தேடுங்கள்.

இரண்டாம் படி: உரிமத்தைப் படிக்கப் பழகுங்கள்

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது வழக்கம். ஆனால் உரிமம் தெரியாமல் சேர்த்த படங்களை ஒரு செமஸ்டர் கழித்துத் தேடிப் பிரிப்பது மிகச் சலிப்பூட்டும் வேலை.

திறந்த கல்வி வளங்களில் பெரும்பாலானவை கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் வெளியாகின்றன. "சிசி பை" என்பது, ஆக்கியவர் பெயரைக் குறிப்பிட்டால் எதையும் செய்யலாம் என்ற உரிமம். அதனுடன் "எஸ்ஏ" சேர்ந்தால், நீங்கள் மாற்றியமைத்ததையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும். "என்சி" சேர்ந்தால் வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது. "என்டி" சேர்ந்தால், மாற்றியமைத்த வடிவத்தைப் பிறருடன் பகிரக் கூடாது. தமிழில் எழுதும் நமக்கு இந்தக் கடைசி எழுத்துகளே மிக முக்கியமானவை. ஏனெனில் மொழிபெயர்ப்பும் மாற்றியமைப்பாகவே கருதப்படுகிறது. "என்டி" உள்ள ஒரு கட்டுரையை உள்ளபடியே மாணவருக்கு அனுப்பலாம். தமிழாக்கி அனுப்ப இயலாது. "சிசி ஜீரோ" என்றோ பொதுவுரிமை என்றோ குறித்திருந்தால் எந்தக் கட்டுப்பாடும் இல்லை. ஆனாலும் மூலத்தைச் சொல்லுவது கல்வித்துறை ஒழுங்கு.

இரண்டு மூலங்களைக் கலக்கும்போது இன்னொரு சிக்கல் எழும். "பை-எஸ்ஏ" உரிமத்தில் உள்ள விக்கிப்பீடியாப் பத்தி ஒன்றையும் "பை-என்சி-எஸ்ஏ" உரிமத்தில் உள்ள பாடநூல் பத்தி ஒன்றையும் பின்னி ஒரே கட்டுரையாக்கினால், இரண்டு உரிமங்களின் நிபந்தனைகளையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது. அவற்றைத் தனித்தனிப் பகுதிகளாக, தனித்தனி உரிமக் குறிப்புடன் வைப்பதே வழி.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் பிரிவு 52(1)(ஐ), கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் ஒரு படைப்பை நகலெடுக்க இடம் தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழக நகலக வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் இப்பிரிவுக்கு விரிவான பொருள் கொண்டது. இது வகுப்புக்குள் நமக்குப் பெரிய துணை. ஆனால் அந்தத் துணையை நம்பி ஒரு வணிகப் பாடநூலின் படங்களை இணையதளத்தில் ஏற்றவோ நூலாக வெளியிடவோ கூடாது. வகுப்புக்குள் மட்டும் பயன்படுத்துபவற்றையும் வெளியே பகிரப்போகிறவற்றையும் தொடக்கத்திலேயே இரண்டு கோப்புறைகளில் பிரித்து வைத்தால் பிற்காலத்தில் குழப்பம் வராது.

மூன்றாம் படி: அடிப்படைப் பாடநூல் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

பாடநூல் தேடலில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் தரமான திறந்த நூல்கள் சிலவே உள்ளன. முதலில் பார்க்க வேண்டியது, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் பிசிகேம்பஸ் வெளியிட்ட ஸ்டீவன் எர்லின் "ஃபிசிக்கல் ஜியாலஜி". 2015இல் வந்த இந்நூலின் இரண்டாம் பதிப்பு 2019இல் வெளியானது. இது "சிசி பை" உரிமத்தில் இருப்பதால், மொழிபெயர்ப்பதற்கும் சுருக்குவதற்கும் இதைவிட வசதியான நூல் கிடைப்பது அரிது. இதன் பத்தாம் இயல் புவித்தட்டுகளையும் பதினொன்றாம் இயல் நிலநடுக்கங்களையும் விளக்குகின்றன. நமது அலகுக்கு இவ்விரண்டும் போதும். சஸ்காட்ச்வான் பல்கலைக்கழகத்தின் கார்லா பான்சுக் இதே நூலைத் தம் மாணவருக்கு ஏற்பத் திருத்தித் தனிப் பதிப்பாக வெளியிட்டுள்ளார். ஒரு திறந்த நூலை மற்றோர் ஆசிரியர் எவ்வாறு தமதாக்கிக்கொள்கிறார் என்று அறிய விரும்புவோர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

அமெரிக்காவின் சால்ட் லேக் சமுதாயக் கல்லூரி ஆசிரியர்கள் 2017இல் வெளியிட்ட "ஆன் இன்ட்ரடக்‌ஷன் டு ஜியாலஜி", "பை-என்சி-எஸ்ஏ" உரிமத்தில் உள்ளது. அதைத் தாங்கியிருக்கும் ஓப்பன்ஜியாலஜி தளத்திலேயே வரலாற்று நிலவியலுக்கும் கனிமவியலுக்கும் தனித்தனி நூல்கள் கிடைக்கின்றன. வேறு நூல் வேண்டுவோர் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் திறந்த பாடநூல் நூலகத்தையும் லிப்ரடெக்ஸ்ட்ஸ் தளத்தின் புவி அறிவியல் பிரிவையும் பார்க்கலாம். ஓஇஆர் காமன்ஸ், மெர்லாட் ஆகிய பொதுத் தேடுதளங்களில் எண்ணிக்கை மிகுதி; ஆனால் பள்ளி நிலைப் பாடங்களும் கலந்து வருவதால், உயர்கல்வி என்ற வடிகட்டியை இட்ட பிறகே முடிவுகளைப் பாருங்கள்.

இந்நூல்களின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் மேற்குக் கனடாவையும் யூட்டா மாநிலத்தையும் சார்ந்தவை. அவற்றை மாற்றும் முறையைக் கடைசிப் படியில் பார்ப்போம்.

நான்காம் படி: வகுப்பறைப் பயிற்சிகளைத் தேடுங்கள்

மினசோட்டா மாநிலத்தின் கார்ல்டன் கல்லூரியில் இயங்கும் அறிவியல் கல்வி வள மையத்தைச் சுருக்கமாகச் செர்க் என்பார்கள். உலகில் வேறெங்கும் கல்லூரி நிலவியல் ஆசிரியருக்கென இவ்வளவு பயிற்சிகள் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதை நான் கண்டதில்லை. அமெரிக்க நிலவியல் ஆசிரியர் சங்கத்துடன் சேர்ந்து அது நடத்தும் "டீச் தி எர்த்" நுழைவாயிலில் தொடங்குவது எளிது. அங்கே பாடப்பொருள், கல்வி நிலை, பயிற்சியின் வகை ஆகிய மூன்று வடிகட்டிகளையும் இட்டால், ஆயிரக்கணக்கான பக்கங்கள் சில பத்துகளாகக் குறையும்.

ஆனால் செர்க்கில் உள்ள எல்லாமே ஒரே தரத்தன அல்ல. ஆசிரியர் ஒருவர் தம் வகுப்பில் செய்ததை அப்படியே ஏற்றிய பக்கங்களும் உண்டு. சக ஆசிரியர்கள் மதிப்பிட்டுச் சிறந்தவை என்று தேர்ந்தெடுத்தவையும் உண்டு. "ஆன் தி கட்டிங் எட்ஜ்" தொகுப்பில் "எக்செம்ப்ளரி" என்ற அடையாளம் பெற்றவற்றையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்தபடியாக, அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் உருவான "இன்டக்ரேட்" தொகுதிகளைப் பாருங்கள். வெவ்வேறு கல்லூரிகளைச் சேர்ந்த ஆசிரியர்கள் குழுவாக எழுதி, தத்தம் வகுப்புகளில் நடத்திப் பார்த்துத் திருத்திய தொகுதிகள் இவை; ஒவ்வொன்றும் கற்றல் நோக்கம், வகுப்புத் திட்டம், மதிப்பீட்டு முறை ஆகியவற்றுடன் முழுமையாக இருக்கிறது. புவியளவைத் தரவை மட்டும் வைத்து எழுதப்பட்ட "கெட்சி" தொகுதிகளும் அதே முறையில் அமைந்தவை. ஜிபிஎஸ் கொண்டு தட்டு நகர்வை அளக்கும் பயிற்சி அவற்றில் கிடைக்கும்.

செர்க் பக்கம் ஒன்றைத் திறந்ததும் அதன் அடிப்பகுதிக்குச் சென்று பயன்பாட்டு விதிகளை விரித்துப் பாருங்கள். உரைக்கு ஓர் உரிமமும் படங்களுக்கு வேறோர் உரிமமும் இருக்கக்கூடும். விடைக்குறிப்புகள் பல இடங்களில் பூட்டப்பட்டிருக்கும். ஆசிரியர் என்று உறுதி செய்தால்தான் திறக்கும். கல்லூரி மின்னஞ்சல் முகவரியிலிருந்து விண்ணப்பிப்பதே நல்லது. நம் ஊரில் பலருக்குக் கல்லூரி மின்னஞ்சலே இருப்பதில்லை என்பதால், உங்கள் பெயர் இடம்பெற்ற துறை இணையப் பக்கத்தின் முகவரியையும் விண்ணப்பத்தில் சேர்த்துவிடுங்கள்.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் புவி மற்றும் கனிம அறிவியல் கல்லூரி தன் இணையவழிப் பாடங்கள் பலவற்றையும், எம்ஐடி தன் புவி, வளிமண்டல, கோள் அறிவியல் துறையின் பாடங்களையும் "பை-என்சி-எஸ்ஏ" உரிமத்தில் திறந்து வைத்துள்ளன. எம்ஐடியின் வினாத்தாள்கள் நம் முதுநிலை மாணவருக்கே சற்றுக் கடினமானவை. முதலாண்டுக்கு அவற்றை எடுக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: உண்மைத் தரவைக் கொண்டு பயிற்சி அமையுங்கள்

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் நிலநடுக்கப் பட்டியலை எவரும் பதிவு செய்யாமலேயே தேடலாம். அமெரிக்கக் கூட்டரசின் ஊழியர் தம் பணியில் உருவாக்கியவை அந்நாட்டில் பொதுவுரிமையில் அடங்குவதால், உரிமச் சிக்கலும் இல்லை. தேடல் பக்கத்தில் குறைந்தபட்ச அளவு, நாள் வரம்பு, அட்சரேகை, தீர்க்கரேகை எல்லைகள் ஆகியவற்றை இட்டு, முடிவைச் சிஎஸ்வி கோப்பாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த அட்டவணையாக, பெறலாம். அதை எக்செல், லிப்ரே ஆபிஸ் இரண்டிலும் திறக்க முடியும். ஒரு தேடலுக்கு 20,000 நிகழ்வுகள் வரை மட்டுமே கிடைக்கும் என்பதால், உலகம் முழுவதையும் ஒரே தேடலில் கேட்காதீர்கள்.

நமது அலகுக்கு மூன்று பயிற்சிகளை இதிலிருந்து அமைக்கலாம்.

முதற்பயிற்சி, பிளவின் நீளத்தைக் காண்பது. வடக்கு அட்சரேகை 0 முதல் 16 வரை, கிழக்குத் தீர்க்கரேகை 90 முதல் 98 வரை, 4.5 அளவுக்கு மேல், 2004 டிசம்பர் 26 முதல் 2005 மார்ச் 27 வரை என்று கேளுங்கள். மார்ச் 27இல் நிறுத்துவதற்குக் காரணம் உண்டு. மறுநாள் நியாஸ் தீவருகே 8.6 அளவில் இன்னொரு பெரிய நிலநடுக்கம் ஏற்பட்டு, அதன் பின்னதிர்வுகளும் பட்டியலில் கலந்துவிடும். புள்ளிகளை வரைபடத்தில் இட்டதும், சுமத்திராவின் வடமுனையிலிருந்து நிக்கோபார் வழியாக அந்தமான் வரை ஒரு பட்டை தெரியும். பிளவு ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடியது என்று நாம் சொல்வதை மாணவர் தாமே அளந்து சரிபார்ப்பார்கள்.

இரண்டாவது பயிற்சி, அமிழும் தட்டைக் காண்பது. சுமத்திராவையொட்டி, வடக்கு அட்சரேகை 2 முதல் 6 வரையுள்ள பகுதியில், 1990 முதல் இன்று வரை ஏற்பட்ட நிகழ்வுகளை எடுத்து, கிடை அச்சில் தீர்க்கரேகையையும் செங்குத்து அச்சில் ஆழத்தையும் இட்டால், கிழக்கே செல்லச் செல்ல ஆழம் கூடுவது தெரியும். அதோடு, 10 கிலோமீட்டரிலும் 33, 35 கிலோமீட்டரிலும் நிகழ்வுகள் நேர்கோடாக அடுக்கி நிற்பதும் தெரியும். இதைப் பார்த்து மாணவர் ஏதோ ஒரு பாறை அடுக்கு என்று எழுதிவிடுவார்கள். பதிவுகளைக் கொண்டு ஆழத்தைக் கணிக்க முடியாதபோது பட்டியலில் இடப்படும் மாறா மதிப்புகளே அவை. இதைப் பயிற்சித் தாளில் முன்கூட்டிச் சொல்லிவிடாமல், "இந்தக் கோடுகள் ஏன் வந்தன?" என்று ஒரு வினாவாக வையுங்கள், அளவீட்டுக்கும் அனுமானத்துக்கும் உள்ள வேறுபாட்டை விரிவுரையைவிட இந்த ஒரு வினா நன்றாகக் கற்பிக்கும். பழைய ஆண்டுகளில் சிறு நிலநடுக்கங்கள் குறைவாகத் தெரிவதும் இத்தகையதே: அப்போது நிலநடுக்கம் குறைவாக இருந்தது என்பதால் அல்ல, பதிவு நிலையங்கள் குறைவாக இருந்ததால் வந்தது.

மூன்றாவது பயிற்சி சுனாமியைப் பற்றியது. ஆழ்கடலில் சுனாமியின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் நீரின் ஆழத்தையும் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் கிடைக்கும். வங்காள விரிகுடாவுக்குச் சராசரியாக 3,500 மீட்டர் ஆழம் என்று கொண்டால், வேகம் நொடிக்கு 185 மீட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 670 கிலோமீட்டர். நடுக்க மையத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். ஆகவே மூன்று மணி நேரம் என்று கணக்கு வரும். நிலநடுக்கம் இந்திய நேரப்படி காலை 6.28க்கு ஏற்பட்டது, அலை சென்னையை எட்டியதோ ஏறத்தாழ இரண்டரை மணி நேரத்தில். அரை மணி எங்கே போயிற்று? முதற்பயிற்சியின் வரைபடத்தை மீண்டும் எடுத்துப் பார்த்தால் விடை அதில் இருக்கிறது: பிளவு வடக்கே நிக்கோபார் வழியாக ஓடியதால், கடலைத் தூக்கிய இடத்தின் ஒரு பகுதி சென்னைக்கு இன்னும் அருகில் இருந்தது. நடுக்க மையம் என்பது பிளவு தொடங்கிய இடம் மட்டுமே என்பதை மாணவர் இங்கே கண்டுகொள்கிறார்கள். கடற்கரைகளில் பதிவான அலை உயரங்களுக்கு அமெரிக்காவின் கடல், வளிமண்டல ஆய்வுக்கான நோவா அமைப்பு நடத்தும் சுனாமித் தரவுத்தளத்தைப் பார்க்கலாம்.

நிலநடுக்கம் தவிர்ந்த அலகுகளுக்கும் இதே வழியில் தரவு உண்டு. எரிமலைகளுக்கு ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உலக எரிமலைத் திட்டம், தொல்லுயிர்களுக்குப் பேலியோபயாலஜி தரவுத்தளம், தட்டுகளின் பழைய இருப்பிடங்களை அசைத்துக் காட்ட சிட்னிப் பல்கலைக்கழகத்தின் ஜிபிளேட்ஸ் மென்பொருள், கடலடித் தரைக்கு லாமான்ட்-டோஹர்ட்டி ஆய்வகத்தின் ஜியோமேப்ஆப், செயற்கைக்கோள் படங்களுக்கு 2008 முதல் இலவசமாகக் கிடைக்கும் லேண்ட்சாட் ஆகியவை முக்கியமானவை. நிலப்படப் பயிற்சிகள் அனைத்துக்கும் கியூஜிஐஎஸ் போதும். விலைக்கு வாங்கும் மென்பொருள் தேவையில்லை.

ஆறாம் படி: படங்களும் அசைவூட்டங்களும்

நிலநடுக்க அசைவூட்டங்களுக்கு, அமெரிக்க நிலநடுக்கவியல் ஆய்வுக் கூட்டமைப்பான ஐரிஸ் உருவாக்கியவற்றை விடச் சிறந்தவை அரிது. ஐரிஸும் புவியளவைக் கூட்டமைப்பான யுனாவ்கோவும் 2023 தொடக்கத்தில் எர்த்ஸ்கோப் கூட்டமைப்பு என்ற பெயரில் இணைந்துவிட்டன. பழைய குறிப்புகளில் உள்ள இணைப்புகள் வேலை செய்யாவிட்டால் புதிய பெயரில் தேடுங்கள். பெரிய நிலநடுக்கம் எங்கேனும் ஏற்பட்டதும், அதை வகுப்பில் விளக்குவதற்கான படக்காட்சி ஒன்றை "டீச்சபிள் மொமென்ட்ஸ்" என்ற பெயரில் வெளியிடும் வழக்கமும் இவர்களுக்கு உண்டு. செய்தித்தாளில் தலைப்பு வந்த சில நாட்களுக்குள் அதை வகுப்பில் காட்டினால் கவனம் சிதறாது.

ஒளிப்படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ் பாதுகாப்பானது. வணிகப் பயன்பாட்டையோ மாற்றத்தையோ தடுக்கும் உரிமங்களை அது ஏற்பதே இல்லை. மின்டாட் தளத்தின் கனிமப் படங்கள் மனத்தைக் கவர்பவை. ஆனால் அவற்றின் உரிமை படம் எடுத்தவரிடம் இருப்பதால், பார்க்கலாமே தவிர, கேட்காமல் எடுக்கக் கூடாது. முனைவாக்க நுண்ணோக்கிகள் போதிய எண்ணிக்கையில் இல்லாத கல்லூரிகளுக்கு, இங்கிலாந்தின் திறந்த பல்கலைக்கழகம் நடத்தும் "விர்ச்சுவல் மைக்ராஸ்கோப்" பெரிய உதவி: தின் செக்‌ஷனை, அதாவது ஒளி ஊடுருவும்படி மெலிதாகத் தேய்த்த பாறைச் சீவலை, திரையிலேயே சுழற்றி, குறுக்கு முனைவாக்கத்தில் நிறம் மாறுவதைப் பார்க்கலாம். ஆய்வுக் கட்டுரைப் படம் தேவைப்பட்டால், ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியத்தின் ஆய்விதழ்களில் தேடுங்கள். அவை "சிசி பை" உரிமத்தில் வெளியாகின்றன. கூகுள் எர்த் படங்களோ இலவசமாகக் கிடைப்பவையே தவிரத் திறந்தவை அல்ல.

ஏழாம் படி: இந்திய மூலங்கள்

இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் பதிவு செய்துகொண்டால், 1:50,000 அளவிலான நிலவியல் வரைபடத் தரவைப் பெறலாம். உங்கள் கல்லூரி அமைந்துள்ள பகுதியை வெட்டி எடுத்துக் கியூஜிஐஎஸ்ஸில் திறந்தால், களப்பயணத்துக்கான அடிப்படை வரைபடம் தயார். இஸ்ரோவின் புவன் தளத்தில் செயற்கைக்கோள் படங்களும் உயரத் தரவும் உண்டு. நிலநடுக்கச் செய்திகளுக்குத் தேசிய நிலநடுக்கவியல் மையம், சுனாமிக்கு ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) ஆகியவை உரிய இடங்கள். 2004 பேரழிவுக்குப் பின் 2007இல் தொடங்கிய இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இன்காய்ஸில்தான் இயங்குகிறது.

விரிவுரைகளுக்கு ஐஐடிகளின் காணொளிப் பாடத் திட்டமான என்பிடெல், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் (இக்னோ) இ-ஞானகோஷ் தளத்தில் உள்ள இளநிலை நிலவியல் பாடத் தொகுதிகள் ஆகியவற்றை மாணவருக்குப் பரிந்துரைக்கலாம். இ-ஞானகோஷ் பாடங்கள் நம் பாடத்திட்டங்களுக்கு நெருக்கமானவை என்பதால் வாசிப்புக்கு மிகவும் ஏற்றவை. இவற்றில் எதையும் வெட்டி ஒட்டுவதற்கு முன் அந்தந்தப் பாடத்தின் உரிமக் குறிப்பைத் தனியே பாருங்கள். அரசு தளம் என்பதாலேயே திறந்த உரிமம் என்று எண்ணிவிடக் கூடாது. அமெரிக்காவைப் போல் இங்கே அரசுப் படைப்புகள் தாமாகப் பொதுவுரிமைக்கு வருவதில்லை. அதே வேளை, இந்திய அரசின் திறந்த தரவுத் தளத்தில் உள்ள தரவுத் தொகுதிகளுக்கு 2017இல் அறிவிக்கப்பட்ட திறந்த தரவு உரிமம் பொருந்தும்.

எட்டாம் படி: வகுப்புக்கு முன் சோதித்துப் பாருங்கள்

பயிற்சியை மாணவர் செய்யும் அதே நிலையில் நீங்களும் ஒருமுறை தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பார்க்க வேண்டும். அதாவது, கல்லூரியின் வேகமான இணைப்பில் அல்லாமல், கைப்பேசித் தரவில், சிறு திரையில். பல தளங்களின் ஊடாடும் வரைபடங்கள் கைப்பேசியில் திறப்பதற்கே நெடுநேரம் எடுக்கும். அத்தகையவற்றுக்குத் தரவைச் சிஎஸ்வி கோப்பாகவும் படங்களைப் பிடிஎஃப்பாகவும் முன்பே இறக்கி, பென் டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். திறந்த உரிமம் நகலை நம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமையையும் தருகிறது. அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் இணைப்பை மட்டும் சேமித்து வைப்பவர்கள், தளம் பெயர் மாறிய அன்று வெறுங்கையோடு நிற்கிறார்கள்.

பாடப்பொருளின் காலத்தையும் பாருங்கள். நிலவியல் கால அட்டவணையின் வயது எல்லைகளைப் பன்னாட்டு அடுக்கியல் ஆணையம் அவ்வப்போது திருத்துகிறது. பழைய படத்தில் உள்ள எண்ணை அந்த ஆணையத்தின் தற்போதைய அட்டவணையோடு ஒப்பிட்ட பிறகே மாணவரிடம் கொடுங்கள். கன அடி, மைல், பாரன்ஹீட் ஆகிய அலகுகளையும் மாற்றிவிடுங்கள்.

ஒன்பதாம் படி: நம் மண்ணுக்கு மாற்றுங்கள், பிறகு பகிருங்கள்

தட்டுகளுக்குச் சான் ஆன்ட்ரியாஸ் பிளவும், கடல் முன்னேறிப் பின்வாங்கியதற்கு யூட்டாவின் பாறை அடுக்குகளும் எடுத்துக்காட்டாக வந்தால், கருத்து புரிந்தாலும் நம் மாணவர் அவற்றைப் போய்ப் பார்க்க முடியாது. அரியலூர், பெரம்பலூர்ப் பகுதியின் கிரெட்டேசியஸ் காலக் கடற்படிவுகள் அதே கருத்தை ஒருநாள் பேருந்துப் பயணத்தில் காட்டிவிடும். சாத்தனூரின் கல்மரம், திருவக்கரையின் கல்மரப் பூங்கா, சார்னோகைட் பாறைக்கு உலக அளவில் மாதிரி இடமாக விளங்கும் பல்லாவரம், பரங்கிமலைப் பகுதி ஆகியவற்றை வெளிநாட்டுப் பாடநூலின் எடுத்துக்காட்டுகளுக்குப் பதிலாக இடுவதற்கு ஆசிரியரின் களக் குறிப்பும் சில ஒளிப்படங்களும் போதும். மாற்றக் கூடாத எடுத்துக்காட்டுகளும் உண்டு. நடுக்கடல் முகட்டுக்கு ஐஸ்லாந்தைத்தான் காட்ட வேண்டும். உள்ளூர்ப் பற்றால் பொருந்தாத ஒன்றைத் திணிக்க வேண்டாம்.

தமிழாக்கும்போது கலைச்சொற்களில் ஒரு முடிவெடுத்து, அதைப் பாடம் முழுவதும் மாறாமல் கடைப்பிடியுங்கள். தமிழ்வழியில் படித்து வந்த மாணவர் தமிழ்நாட்டின் மேல்நிலைப் புவியியல் பாடநூலில் சந்தித்த சொற்களுக்கே முதலிடம் கொடுப்பது நல்லது. அங்கே இல்லாதவற்றுக்குத் தமிழ்நாடு அரசின் சொற்குவைத் தளத்தையும் தமிழ் விக்சனரியையும் பார்க்கலாம். தேர்வும் ஆய்வுக் கட்டுரைகளும் ஆங்கிலத்தில் இருப்பதால், ஒவ்வொரு பயிற்சித் தாளின் முடிவிலும் இருமொழிச் சொற்பட்டியல் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். பயிற்சியின் மற்ற எந்தப் பகுதியையும்விட அதை மாணவர் அடிக்கடி புரட்டுவார்கள்.

மேற்கோள் காட்டுவதில் தலைப்பு, ஆக்கியவர், மூலம் கிடைக்கும் இடம், உரிமம் ஆகிய நான்கும் இருக்க வேண்டும். நீங்கள் செய்த மாற்றத்தையும் சொல்ல வேண்டும். நம் அலகுக்கு அது இவ்வாறு அமையலாம்: "இப்பகுதி, ஸ்டீவன் எர்ல் எழுதி பிசிகேம்பஸ் வெளியிட்ட ஃபிசிக்கல் ஜியாலஜி, இரண்டாம் பதிப்பின் பதினொன்றாம் இயலைத் தழுவியது, சிசி பை 4.0 உரிமம், சுருக்கப்பட்டு, தமிழாக்கப்பட்டு, எடுத்துக்காட்டுகள் மாற்றப்பட்டுள்ளன." இதனுடன் மூலத்தின் இணைய முகவரியையும் உரிமத்தின் முகவரியையும் இணைத்துவிடுங்கள். நூலுக்குள் இருக்கும் படம் வேறொருவருடையதாக இருந்தால் அதற்குத் தனி வரி வேண்டும். எர்லின் நூலிலும் படத்துக்குப் படம் மூலம் மாறும்.

உரிமமே குறிக்கப்படாத ஒரு நல்ல பயிற்சியைக் கண்டால், அதன் ஆசிரியருக்கு நான்கு வரியில் ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: நீங்கள் யார், எந்தப் பக்கம், எப்படி மாற்றப்போகிறீர்கள், எங்கே வெளியிடப்போகிறீர்கள். விடை வந்தால் அதைக் கோப்புடனேயே சேமித்து வையுங்கள். வராவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கொள்ளக் கூடாது.

நீங்கள் உருவாக்கியதை வெளியிடுவதற்குச் சேர்ன் ஆய்வகம் நடத்தும் செனோடோ என்ற இணையக் களஞ்சியம் வசதியானது; கட்டணம் இல்லை, உரிமத்தை நீங்களே தேர்ந்தெடுக்கலாம், ஒவ்வொரு பதிப்புக்கும் நிலையான அடையாள எண் கிடைக்கும். ஆங்கில வடிவமும் இருந்தால் செர்க்குக்கும் அனுப்பலாம். பிடிஎஃப் மட்டும் ஏற்றாமல், திருத்தக்கூடிய மூலக் கோப்பையும் மாணவர் பயன்படுத்திய சிஎஸ்வி கோப்பையும் சேர்த்து ஏற்றுங்கள். நிலநடுக்கப் பட்டியலில் பழைய நிகழ்வுகளின் அளவும் ஆழமும் மறு ஆய்வில் மாறக்கூடும் என்பதால், தரவை எந்த நாளில், எந்தெந்த எல்லைகளை இட்டு இறக்கினீர்கள் என்பதைக் கோப்பின் முதல் வரியிலேயே எழுதி வையுங்கள்.